உடம்புக்குள்ளே ஓடும் பௌதிகவியல்

யாழ்ப்பாணத்தில் உயர்தரத்துக்கு உயிரியல் பிரிவு எடுக்கும் பிள்ளைகள் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் என மூன்று பாடங்கள் படிக்கிறார்கள். முதல் இரண்டும் மருத்துவத்துக்குத் தேவை என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே வருவதில்லை. பௌதிகவியலை மட்டும் பலர் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளிக்காகவே தாங்கிக்கொள்கிறார்கள். "டொக்டராகப் போறவைக்குப் பரப்பிழுவிசை எதுக்கு சேர்?" என்ற கேள்வி ரியூசன் வகுப்புகளில் வருடா வருடம் கேட்கிறது. நல்ல கேள்வி அது. "எல்லாம் அறிவுதானே" என்று சமாளித்து அனுப்பாமல், உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிணற்று நீர் எந்த விதிப்படி குழாயில் ஓடுகிறதோ, அந்த விதிகள்தான் குருதிக்கும். அவை தோலுக்கு வெளியே நின்றுவிடுவதில்லை. ஆகவே உடம்பு எப்படி இயங்குகிறது என்று விளங்கிக்கொள்ளவும், அதற்குள் என்ன பிழைத்திருக்கிறது என்று வெட்டாமலே பார்க்கவும், பார்த்ததைத் திருத்தவும் பௌதிகவியல் வேண்டியிருக்கிறது. முதல் வேலையை உயிர்ப் பௌதிகவியல் என்றும், மற்ற இரண்டையும் மருத்துவப் பௌதிகவியல் என்றும் பிரித்து அழைப்பது வழக்கம். நடைமுறையில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கலந்தே கிடக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பாடப் புத்தகங்கள் இதைச் சொல்வதில்லை, சொல்லியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நீங்கள் பௌதிகவியல் என்று படிக்கும் விதிகளில் பல, உடம்பைப் பற்றி யோசித்த வைத்தியர்கள் கண்டுபிடித்தவை. யங்கின் மட்டு என்று படிக்கிறீர்களே, அந்தத் தோமஸ் யங் லண்டனில் நோயாளிகளைப் பார்த்த வைத்தியர். கண் எப்படிக் கிட்டவும் தூரவும் மாறி மாறித் தெளிவாகப் பார்க்கிறது என்பதை ஆராய்ந்தவர், ஒளியின் தலையீட்டையும் காட்டினார். மின்கலத்தின் கதை, இத்தாலியில் கல்வானி என்ற வைத்தியர் செத்த தவளையின் கால் துடிப்பதைப் பார்த்ததில் தொடங்குகிறது. அதற்கு அவர் சொன்ன காரணத்தை ஏற்க மறுத்த வோல்ற்றா 1800 இல் முதல் மின்கலத்தைச் செய்தார். சக்திக் காப்பு விதியை முதலில் சொன்னவர்களில் ஒருவரான ரொபேட் மேயர் கப்பலில் போன வைத்தியர். 1840 இல் யாவாவுக்குப் போனபோது, மாலுமிகளின் நாளக் குருதி ஐரோப்பாவில் பார்த்ததைவிடச் சிவப்பாக இருப்பதைக் கண்டார். வெப்பநாட்டில் உடம்பைச் சூடாக வைத்திருக்கக் குறைவான ஒட்சிசன் போதும் என்று நினைத்தார். அந்த நினைப்பு வெப்பத்துக்கும் வேலைக்கும் உள்ள தொடர்புக்கு அவரைக் கொண்டுபோனது.

அதே நூற்றாண்டில், 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் எங்கள் பிள்ளைகளுக்கு மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், உடலமைப்பு, இரசாயனம் முதலிய நூல்களைத் தமிழில் ஆக்கினார். மானிப்பாய் வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அறிவியலைத் தமிழில் விளக்குவது இந்த மண்ணுக்குப் புதிய வேலை இல்லை.

சரி, விசயத்துக்கு வருவோம். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கலாம்.

பிறசர் பார்க்கும்போது என்ன நடக்கிறது

கிளினிக்கில் 120க்கு 80 என்று எழுதித் தருகிறார்கள். அது எதனுடைய அளவு? மில்லிமீற்றர் பாதரசம். அதாவது இதயம் சுருங்கும் நேரத்தில் குருதிக்கு இருக்கும் அமுக்கம், 120 மில்லிமீற்றர் உயரமான பாதரச நிரலைத் தாங்கக்கூடியது. அதே அமுக்கம் ஒரு குருதி நிரலைத் தாங்கினால் அது எவ்வளவு உயரம் வரும்? பாதரசத்தின் அடர்த்தி நீரைப்போல் 13.6 மடங்கு, குருதியினது ஏறத்தாழ 1.06 மடங்கு. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒன்றரை மீற்றர் வருகிறது.

இதை உண்மையாகவே செய்து பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். இங்கிலாந்தில் ஸ்ரீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார், ஒரு பெண் குதிரையின் நாடியில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். குருதி 8 அடி 3 அங்குலம் ஏறி நின்றது. 1733 இல் அதை நூலாக வெளியிட்டார். ஆனால் எட்டடிக் குழாயோடு நோயாளியிடம் போக முடியாது. பாரிசில் மருத்துவம் படித்த புவசேய் 1828 இல் பாதரசம் நிரப்பிய வளைந்த குழாயைப் பயன்படுத்தினார். நீளம் கைக்கு அடங்கும் அளவுக்கு வந்தது. இன்றைக்கும் நாங்கள் பாதரச மில்லிமீற்றரில் பேசுவது அந்த வழக்கத்தின் தொடர்ச்சி.

கையில் பட்டி கட்டிக் காற்றடிக்கும் முறையை 1896 இல் இத்தாலிய வைத்தியர் ரிவா ரொச்சி கொண்டுவந்தார். 1905 இல் ரஷ்ய வைத்தியர் கொரொட்கொவ், வைத்தியர்கள் காதில் வைத்துக் கேட்கும் ஸ்ரெதஸ்கோப்பையும் அதனோடு சேர்த்தார். பட்டியின் அமுக்கம் நாடியை முழுதாக நெரித்தால் ஓட்டம் இல்லை, சத்தமும் இல்லை. காற்றைச் சிறிது சிறிதாக விடும்போது, ஒவ்வொரு துடிப்பின் உச்சியிலும் குருதி ஒடுக்கமான இடைவெளியால் சீறிப் பாய்கிறது. ஒழுங்கான ஓட்டம் குழம்பி, நாடிச் சுவர் அதிர்ந்து, "டப் டப்" என்று கேட்கிறது. கேட்கத் தொடங்கும் இடம் மேல் எண். நாடி முழுதாகத் திறந்து சத்தம் மறையும் இடம் கீழ் எண்.

இந்த இடத்தில் ஒரு விசயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதனால் தேவையில்லாமல் குளிசை கூடியவர்களும் இருக்கக்கூடும். பிறசர் பார்க்கும்போது கையில் கட்டிய பட்டி இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். திரவத்தின் ஆழம் கூடக் கூட அமுக்கம் கூடும் என்று சாதாரண தரத்திலேயே படித்திருக்கிறோம். குருதியும் திரவம்தான். கை 10 சென்ரிமீற்றர் கீழே தொங்கினால் அளவு கிட்டத்தட்ட 8 மில்லிமீற்றர் கூடிக் காட்டும். 20 சென்ரிமீற்றர் என்றால் 16. உண்மையில் 130 உள்ள அம்மம்மாவுக்கு மெஷின் 146 என்று காட்டும். வீட்டில் மெஷின் வைத்திருப்பவர்கள் ஒரு முறை கையை மேசையில் வைத்தும், இன்னொரு முறை தொங்கவிட்டும் அளந்து பாருங்கள். விதி உங்கள் கையிலேயே தெரியும்.

புவசேய் அத்தோடு நிற்கவில்லை. மயிர்க்குழாய்களில் குருதி எப்படி ஓடுகிறது என்று அறிய விரும்பி, மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீரை ஓடவிட்டுப் பல வருடம் நுணுக்கமாக அளந்தார். கிடைத்ததுதான் குழாயில் திரவம் எவ்வளவு ஓடும் என்று கணிக்கும், உயர்தரத்தில் வரும் புவசேயின் சமன்பாடு. அதில் எல்லோரும் தாண்டிப் போகும் ஒரு சின்ன எண் இருக்கிறது: ஆரையின் நாலாம் அடுக்கு. குழாயின் ஆரை பாதியானால், அதே அமுக்கத்தில் ஓட்டம் பாதியாகாது, பதினாறில் ஒரு பங்காகும். ஆரை பத்து வீதம் குறைந்தாலே ஓட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். புகையிலைத் தோட்டத்துக்கு இறைக்கிறவர்களுக்குக் குழாய் சிறுத்தால் மெஷின் எப்படித் திணறும் என்று தெரியும். இதயமும் அந்தத் திணறலைத்தான் படுகிறது. உடம்பில் மிகச் சிறிய நாடிகளின் சுவர்த் தசை கொஞ்சம் இறுகினால் போதும், அதே அளவு குருதியை அனுப்ப இதயம் பெரிய அமுக்கத்தைக் கொடுக்க வேண்டி வரும். பிறசருக்குத் தரும் மருந்துகளில் பல அந்தச் சிறு நாடிகளைத் தளர்த்துகின்றன. ஆரையில் ஒரு சின்ன மாற்றத்துக்கு இவ்வளவு பலன் வருவதன் காரணம் அந்த நாலாம் அடுக்குத்தான்.

குருதி எல்லா இடத்திலும் புவசேயின் சமன்பாட்டுக்கு அப்படியே கட்டுப்படுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாடிகள் கண்ணாடிபோல் விறைப்பானவை அல்ல, விரிந்து சுருங்கும். குருதியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு கலங்கள், அதனால் அதன் பிசுக்குமையும், அதாவது ஓட விடாமல் இழுத்துப் பிடிக்கும் தன்மையும், ஓட்ட வேகத்தோடு மாறும். இந்த விலகல்களை அளந்து கணிப்பதே இன்றைய குருதியோட்ட ஆராய்ச்சியில் பெரும் பகுதி.

இதயம் எதற்கு

அடிப்படையான கேள்வி ஒன்று. இதயம் ஏன் வேண்டும்? ஒட்சிசன் தானாகவே பரவிப் போகுமே.

போகும். எவ்வளவு நேரத்தில் என்பதுதான் பிரச்சினை. பரவலின் விதியை 1855 இல் எழுதிய அடோல்ப் பிக்கும் ஓர் உடற்றொழிலியலாளர்தான். மூலக்கூறுகள் ஒன்றோடு ஒன்று மோதி, திசை மாறித் திசை மாறித் தள்ளாடிப் போகின்றன. அதனால் தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகிறது. நீரில் ஒட்சிசன் ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு தூரம் பரவ ஒரு செக்கனின் சிறு பின்னம் போதும். ஒரு மில்லிமீற்றருக்குச் சில நிமிடங்கள். 10 சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு மாதம். சுவாசப்பையிலிருந்து கால் பெருவிரல் வரை பரவலை மட்டும் நம்பியிருந்தால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

பக்ரீரியாவுக்கு இதயம் இல்லாததும், எங்களுக்கு இருப்பதும் இதனால்தான். தூரப் பயணத்துக்குப் பம்பு, கடைசிச் சிறு தூரத்துக்குப் பரவல் என்று உடம்பு வேலையைப் பிரித்திருக்கிறது. அந்தக் கடைசித் தூரம் நீண்டுவிடாதபடி மயிர்க்குழாய்கள் ஏறத்தாழ ஒவ்வொரு கலத்துக்கும் பக்கத்தில் போகின்றன. வேகமாக வளரும் புற்றுக்கட்டியின் நடுப்பகுதி ஒட்சிசன் இல்லாமல் இறப்பதற்கும் இதே கணக்குத்தான் காரணம்.

குறைமாதக் குழந்தையும் பரப்பிழுவிசையும்

இப்போது அந்த ரியூசன் கேள்விக்கே நேராக வருகிறேன்.

சவர்க்காரக் குமிழிக் கணக்குச் செய்திருப்பீர்கள். திரவப் பரப்பு தன்னைச் சுருக்கப் பார்க்கும், அந்த இழுப்புத்தான் பரப்பிழுவிசை. அதனால் குமிழிக்குள் அமுக்கம் வெளியைவிடக் கூட. குமிழி எவ்வளவு சிறிதோ, அந்த மேலதிக அமுக்கம் அவ்வளவு பெரிது. இப்போது சுவாசப்பையை நினையுங்கள். அதில் கோடிக்கணக்கான சிற்றறைகள். ஒவ்வொன்றின் உட்சுவரிலும் மெல்லிய நீர்ப்படை. ஒவ்வொன்றும் ஒரு குமிழிதான். மூச்சை விடும்போது சிற்றறை சுருங்குகிறது, ஆரை குறைகிறது, அதை இன்னும் சுருக்கப் பார்க்கும் அமுக்கம் கூடுகிறது. நீர்ப்படை வெறும் நீராக இருந்தால் சிறிய அறைகள் தங்கள் காற்றைப் பெரிய அறைகளுக்குத் தள்ளிவிட்டு ஒட்டிப்போகும். ஒவ்வொரு மூச்சையும் முதல் மூச்சைப்போல் போராடி எடுக்க வேண்டியிருக்கும்.

நாங்கள் அப்படிப் போராடுவதில்லை, ஏனென்றால் சுவாசப்பைக் கலங்கள் சவர்க்காரம்போல் வேலை செய்யும் ஒரு பொருளைச் சுரக்கின்றன. அது நீர்ப்படையின் பரப்பிழுவிசையைக் குறைக்கிறது. அதிலும் அழகு என்னவென்றால், அறை சுருங்கும்போது அந்தப் பொருளின் மூலக்கூறுகள் நெருக்கமாகி, பரப்பிழுவிசை இன்னும் கூடுதலாகக் குறைகிறது. ஆரை குறைவதால் கூட வேண்டிய அமுக்கம் கூடாமல் நிற்கிறது.

வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு இந்தச் சுரப்புப் போதிய அளவு வருவது கடைசி வாரங்களில்தான். முந்திப் பிறந்த குழந்தைக்கு அது இல்லை. நெஞ்சு உள்ளே குழிந்து குழிந்து மூச்செடுத்து, களைத்துப்போகும். 1963 இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் ஆண் குழந்தை, ஐந்தரை வாரம் முந்திப் பிறந்து, இந்த வருத்தத்தால் இரண்டு நாள் முடியுமுன் இறந்தது. உலகின் எந்தச் செல்வாக்காலும் அதைக் காப்பாற்ற முடியவில்லை. காரணம் என்ன என்பது அப்போது தெரிந்திருந்தது. இறந்த குழந்தைகளின் சுவாசப்பை நீர்மத்தின் பரப்பிழுவிசையை அளந்து, மேரி எலன் ஏவரி என்ற வைத்தியர் 1959 இல் அதை வெளியிட்டிருந்தார். மருந்துதான் வரவில்லை. 1980 இல் யப்பானில் புஜிவாரா என்ற வைத்தியரும் அவரது குழுவினரும், மாட்டின் சுவாசப்பையிலிருந்து எடுத்துத் தயாரித்த சுரப்பைக் குறைமாதக் குழந்தைகளின் சுவாசக் குழாய்க்குள் நேரே விட்டார்கள். குழந்தைகளின் நிலை சில மணித்தியாலங்களில் தேறியது. இன்று குறைமாதக் குழந்தைகளுக்கான பிரிவுகளில் அது வழக்கமான சிகிச்சை.

பரப்பிழுவிசை எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு, அந்தச் சிகிச்சையால் மூச்செடுக்கும் குழந்தையைக் காட்டலாம்.

கணவாயின் நரம்பு

குருநகரிலும் பாசையூரிலும் கணவாய் வாங்காத வீடு குறைவு. நரம்பில் செய்தி எப்படி ஓடுகிறது என்பதை உலகம் கற்றுக்கொண்டது அதன் இனத்துப் பிராணி ஒன்றிடமிருந்து.

கணவாய் ஆபத்தைக் கண்டால் நீரைப் பீச்சிப் பின்னோக்கிப் பாயும். உடம்பு முழுவதும் ஒரே கணத்தில் சுருங்க வேண்டும் என்பதால், கட்டளை கொண்டுபோகும் நரம்பு இழை தடிப்பானது. சில இனங்களில் அரை மில்லிமீற்றருக்கும் மேல். எங்கள் நரம்பு இழைகள் அதைவிடப் பல மடங்கு மெல்லியவை. அவ்வளவு தடிப்பு என்றால் உள்ளே மெல்லிய கம்பி ஒன்றை நீளவாக்கில் செருகி மின்னழுத்தத்தை அளக்கலாம். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த அலன் ஹொட்ஜ்கினும் அன்ட்ரூ ஹக்ஸ்லியும் பிளிமத் கடற்கரை ஆய்வுகூடத்தில் அதைச் செய்து 1939 இல் முதல் முடிவை வெளியிட்டார்கள். உடனே போர் வந்து வேலை நின்றது. போர் முடிந்து திரும்பி வந்து, 1952 இல் முழு விளக்கத்தையும் சமன்பாடுகளோடு தந்தார்கள்.

அவர்கள் கண்டது இது. நரம்பின் மென்சவ்வு ஒரு கொள்ளளவிபோல் மின்னேற்றத்தைச் சேர்த்துத் தாங்கி நிற்கிறது. ஓய்வில் உள்ளே வெளியைவிட ஏறத்தாழ 70 மில்லிவோற்று குறைவு. தூண்டல் வந்தால் சோடியம் அயன்களுக்கான வழி திறக்கிறது, அவை உள்ளே பாய்கின்றன, மின்னழுத்தம் நேர்ப் பெறுமானத்துக்கு மாறுகிறது. ஒரு செக்கனின் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் அந்த வழி மூடி, பொற்றாசியம் அயன்களுக்கான வழி திறந்து, அவை வெளியேறி, அழுத்தம் பழைய நிலைக்கு இறங்குகிறது. ஒரு புள்ளியில் நடந்தது அடுத்த புள்ளியைத் தூண்டுகிறது. செய்தி இப்படி நகர்கிறது. கம்பியில் ஓடும் மின்னோட்டம்போல் நரம்பில் ஒரே ஓட்டம் முனைக்கு முனை ஓடிப்போவதில்லை, ஒவ்வொரு புள்ளியிலும் அயன்கள் மென்சவ்வுக்குக் குறுக்காகப் போய் வந்து செய்தியைப் புதிதாக உண்டாக்குகின்றன. அதனால்தான் நரம்புச் செய்தி மின்சாரத்தின் வேகத்தில் போவதில்லை. தவளை நரம்பில் அது செக்கனுக்கு ஏறத்தாழ 30 மீற்றர் என்று ஹெல்ம்ஹோல்ற்ஸ் என்ற இன்னொரு வைத்தியர் 1850 அளவிலேயே அளந்துவிட்டார்.

சமன்பாடுகளைத் தீர்க்கக் கேம்பிரிட்ஜின் கணினி அந்த நேரம் கிடைக்கவில்லை. ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கணக்கு மெஷினில் படிப்படியாகப் போட்டு முடித்தார். கணக்கில் வந்த அலையின் வடிவமும் வேகமும் கணவாயில் அளந்தவற்றோடு நெருக்கமாகப் பொருந்தின. அயன் வழிகளை யாரும் கண்ணால் காணாத காலம் அது. அளவீட்டிலிருந்தும் கணிதத்திலிருந்தும் மட்டுமே அவை இப்படித்தான் நடக்க வேண்டும் என்று சொன்னார்கள். பின்னால் வந்தவர்கள் வழிகளைத் தனித்தனியே கண்டு உறுதிப்படுத்தினார்கள். 1963 இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்தத் துறையில் ஒரே ஒரு ஆராய்ச்சியை மட்டும் ஆறுதலாகப் படிக்கலாம் என்றால் இதைத்தான் படிக்கச் சொல்வேன். இதயத் துடிப்புப் பிறழ்வையும் வலிப்பையும் கணினியில் போட்டுப் பார்ப்பவர்கள் இன்றும் இந்தச் சமன்பாடுகளின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும்தான் பயன்படுத்துகிறார்கள்.

வெட்டாமல் உள்ளே பார்க்க

1895 நவம்பர் 8 ஆம் திகதி றொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்ட கதை பாடப் புத்தகத்தில் இருக்கிறது, திரும்பச் சொல்லத் தேவையில்லை. என்பு கதிரைக் கூட உறிஞ்சும், தசை குறைய உறிஞ்சும். பல திசைகளில் எடுத்த நிழல்களைக் கணினி சேர்த்து வெட்டுமுகமாக்கினால் சீரி ஸ்கான். அதற்கு 1979 இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற இருவரில் கோமக் ஒரு பௌதிகவியலாளர், ஹௌன்ஸ்பீல்ட் ஒரு பொறியியலாளர். ஒருவர்கூட வைத்தியர் இல்லை.

கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கானில் கதிர்வீச்சே கிடையாது. அது ஒலி. எங்கள் காதுக்கு எட்டாத, செக்கனுக்குப் பல மில்லியன் தடவை அதிரும் கழியொலி. மென்மையான இழையங்களில் அது செக்கனுக்கு ஏறத்தாழ 1540 மீற்றர் வேகத்தில் போகிறது. 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலி வர ஒரு செக்கனின் பத்தாயிரத்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் கூடுதலான நேரம் எடுக்கும். அந்த நேரத்தை ஆழமாக மாற்றினால் படம். வயிற்றில் ஜெல் பூசுவது வழுக்குவதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். காற்றுக்கும் தோலுக்கும் இடையிலான எல்லையில் கழியொலி ஏறத்தாழ முழுவதுமே தெறித்துவிடும் என்பதால், இடையில் காற்றே இல்லாமல் செய்வதற்குத்தான் அந்த ஜெல். கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற மகப்பேற்று வைத்தியர் உலோகத்தில் வெடிப்புத் தேடும் தொழிற்சாலைக் கருவியைக் கொண்டு இதைத் தொடங்கி, 1958 இல் முதல் படங்களை வெளியிட்டார்.

எம்ஆர்ஐ இன்னும் வியப்பானது. உடம்பில் பாதிக்கு மேல் நீர், நீரில் ஐதரசன், ஐதரசனின் கருவில் ஒரு புரோத்தன். ஒவ்வொரு புரோத்தனும் ஒரு நுண்ணிய காந்தம். வழக்கமான எம்ஆர்ஐ மெஷினில் 1.5 தெஸ்லா காந்தப்புலம் இருக்கும், பூமியின் புலத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு. அந்தப் புலத்தில் புரோத்தன்களில் மில்லியனுக்குச் சில மட்டும் மேலதிகமாக ஒரு பக்கம் சாய்ந்து நிற்கின்றன. ஏறத்தாழ 64 மெகா ஹேர்ட்ஸ் மீடிறனில் ரேடியோ அலையை அனுப்பினால் அவை அசைந்து, அலை நின்றதும் பழைய நிலைக்குத் திரும்பும்போது தாங்களும் ரேடியோ அலை தருகின்றன. கொழுப்பில் திரும்பும் வேகம் வேறு, வீங்கிய மூளை இழையத்தில் வேறு. புலத்தை இடத்துக்கு இடம் சிறிது மாற்றினால் எந்த அலை எங்கிருந்து வந்தது என்று பிரிக்கலாம். இந்த வழிக்கு 2003 இல் லோட்டபருக்கும் மான்ஸ்பீல்டுக்கும் நோபல் பரிசு.

எம்ஆர்ஐக்குப் போய் வந்தவர்கள் அதன் சத்தத்துக்குப் பயந்து பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். உடம்புக்கு ஏதோ செய்கிறது என்று நினைத்து, அடுத்த முறை போக மறுப்பவர்களும் உண்டு. அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரிந்ததுதான். காந்தப்புலத்தில் மின்னோட்டம் காவும் கம்பி மீது விசை தாக்கும். இடத்துக்கு இடம் புலத்தை மாற்றும் சுருள்களில் மின்னோட்டம் விரைவாக மாறி மாறிப் போகிறது, அவை மாறி மாறி உதைபட்டு அதிர்கின்றன. தட்டப்படுவது சுருள்கள், நோயாளி இல்லை. ஸ்கானுக்குப் போகும் ஐயாவுக்கோ அம்மாவுக்கோ இதை வீட்டிலேயே விளக்கி அனுப்புங்கள், பயம் பாதியாகும்.

கதிரால் சுகப்படுத்துவது

2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை தீவின் முழு நீளத்துக்கும் ஒரு நடைபவனி நடந்தது. தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை கட்டப் பணம் சேர்ப்பதற்காகத் தெற்கும் வடக்கும் சேர்ந்து நடந்தன.

புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை என்றால் கட்டியைச் சூட்டால் எரிப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். ஒரு கணக்குப் போடுவோம். ஒரு தடவையில் கொடுக்கும் வழக்கமான அளவு 2 கிரே. கிரே என்பது ஒரு கிலோகிராமுக்கு ஒரு யூல் சக்தி. உடம்பின் தன்வெப்பக் கொள்ளளவு நீருக்குக் கிட்ட, கிலோகிராமுக்கும் பாகைக்கும் ஏறத்தாழ 4000 யூல். 2 யூலால் வெப்பநிலை இரண்டாயிரத்தில் ஒரு பாகை கூடும். ஒரு வாய் இளஞ்சூட்டுத் தேத்தண்ணி அதைவிடக் கூடச் சூடாக்கும். அப்படியென்றால் கதிர் எப்படிக் கலத்தைக் கொல்கிறது? சக்தியின் மொத்த அளவால் இல்லை, அது போய் விழும் இடத்தால். கதிர் மூலக்கூறுகளிலிருந்து இலத்திரன்களைப் பிடுங்குகிறது, அவை கலத்தின் டிஎன்ஏ இழைகளை அறுக்கின்றன. நல்ல கலம் அறுந்ததைத் திருத்துவதில் கெட்டித்தனம் கூடியது, புற்றுக்கலம் பெரும்பாலும் குறைந்தது. அதனால் மொத்த அளவையும் ஒரே நாளில் கொடுக்காமல், நல்ல கலங்கள் தேறும்படி இடைவெளி விட்டுப் பல வாரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். சிகிச்சைக்கு இவ்வளவு நாள் அலைய வேண்டியிருக்கிறதே என்று மனம் சலிப்பவர்களுக்கு இந்தக் காரணத்தைச் சொல்ல வேண்டும். இடையில் நிற்பாட்டினால் அந்தக் கணக்குக் குழம்பும்.

பல திசைகளிலிருந்து கதிரைச் செலுத்தி, அவை சந்திக்கும் இடத்தில் மட்டும் அளவு உச்சமாகும்படி திட்டமிடுவது மருத்துவப் பௌதிகவியலாளரின் வேலை. கோபாற்று 60 என்ற கதிர்வீசும் உலோகத்தைக் கொண்ட பழைய மெஷின்களில் இன்னொரு கணக்கும் உண்டு. கோபாற்று 60 இன் அரை ஆயுட்காலம், அதாவது அதன் கதிர் பாதியாகக் குறைய எடுக்கும் காலம், ஏறத்தாழ 5.27 வருடம் என்பதால், அதே அளவைக் கொடுக்க நேரத்தை மாதா மாதம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். நோயாளி இந்தப் பௌதிகவியலாளரைப் பெரும்பாலும் காண்பதேயில்லை. அவரது கணக்கில் தசம புள்ளி ஒன்று பிசகினால் விளைவு நோயாளியின் உடம்பில்.

விரல் நுனியில் ஒரு திறந்த கேள்வி

குருதியில் ஒட்சிசன் எத்தனை வீதம் என்று காட்டும், விரலில் மாட்டும் ஒக்சிமீற்றர் கொரோனாக் காலத்தில் எங்கள் வீடுகளுக்குள் வந்தது. அதற்குள் இரண்டு சிறு விளக்குகள்: ஏறத்தாழ 660 நனோமீற்றர் சிவப்பு, 940 நனோமீற்றர் செங்கீழ்க் கதிர். குருதியில் ஒட்சிசனைக் காவுவது ஈமோகுளோபின். ஒட்சிசன் ஏற்றிய ஈமோகுளோபின் சிவப்பைக் குறைவாகவும், செங்கீழைக் கூடுதலாகவும் உறிஞ்சும். ஒட்சிசன் இழந்தது மறுபக்கமாக. இரண்டு ஒளியும் எவ்வளவு கடந்து வருகின்றன என்று ஒப்பிட்டால் வீதம் கிடைக்கும். ஆனால் தோல், என்பு, நாளக் குருதி எல்லாம்கூட ஒளியை உறிஞ்சுமே? 1970களின் தொடக்கத்தில் யப்பானியப் பொறியியலாளர் தகுவோ அவோயகி, ஒளியில் நாடித் துடிப்பால் வரும் ஆட்டத்தைத் தொல்லை என்று நீக்க முயன்றுகொண்டிருந்தார். துடிப்போடு மாறும் பகுதி நாடிக் குருதியிலிருந்து மட்டும்தான் வர முடியும் என்று அவருக்குத் தோன்றியது. மாறாத பகுதியை விட்டுவிட்டு மாறுவதை மட்டும் எடுத்தால் தோலும் என்பும் கணக்கிலிருந்து விலகிவிடும். 1974 இல் கருவி பிறந்தது.

முழுதாக விலகவில்லை என்பது பின்னர் தெரிந்தது. தோலின் கருநிறப் பொருளும் ஒளியை உறிஞ்சுகிறது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, கறுப்பின நோயாளிகளில் உண்மையான ஒட்சிசன் குறைவைக் கருவி தவறவிடும் வாய்ப்பு வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று காட்டியது. கருவி 94 என்கிறது, குருதியில் உண்மை 88க்குக் கீழே. எங்கள் தோலும் கருமையானது. ஆகவே இது எங்களுக்குத் தூரத்துச் செய்தி இல்லை. எண் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, மூச்சு வாங்கும் ஆளை வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

இதைத் திருத்துவதற்கு ஒளியியலும் புள்ளிவிபரமும் உடற்றொழிலியலும் தெரிந்தவர்கள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் எந்தப் பாதையால் வருகிறார்கள்? சிதம்பரத்தில் 1952 இல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976 இல் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். பிறகு உயிரியல் படிக்க மறுபடி மாணவனாகப் போய் உட்கார்ந்தார். எக்ஸ் கதிரைக் கொண்டு, கலத்தில் புரதம் கட்டும் இறைபோசோமின் அமைப்பை அணு அணுவாகக் கண்டு, 2009 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்தார். நுண்ணுயிர்க்கொல்லிகள் பலவும் பக்ரீரியாவின் இறைபோசோமில் எங்கே போய்ச் செருகி அதை முடக்குகின்றன என்பது அந்தப் படங்களில் தெரிந்தது. மூன்று பாடத்துக்கும் சொந்தமான வேலை அது.

இங்கேயும் பாதை இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பட்டமும் உண்டு, மருத்துவ பீடமும் உண்டு. பேராதனையில் பட்டப்பின் படிப்பாக மருத்துவப் பௌதிகவியல் இருக்கிறது. உயிரியல் பிரிவில் படித்து மருத்துவ பீடத்துக்கு ஒரு சில புள்ளிகளில் தவறி, எல்லாம் முடிந்தது என்று வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். கதிர்ச் சிகிச்சையைத் திட்டமிடவும், ஸ்கான் மெஷின்களின் அளவைச் சரிபார்க்கவும், எங்கள் தோலில் ஒக்சிமீற்றர் எவ்வளவு பிழைக்கிறது என்று அளக்கவும் வடக்கில் ஆட்கள் தேவை. அந்தக் கடைசி ஆய்வுக்கு வேண்டியவை, குருதி மாதிரியில் ஒட்சிசனை நேரே அளக்கும் ஒரு மெஷின், சில வகை ஒக்சிமீற்றர்கள், ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி, பல்வேறு தோல் நிறங்களில் சம்மதிக்கும் நோயாளிகள், பொறுமையாக எண்களை எழுதும் இரண்டு மூன்று மாணவர்கள்.